மாமன் மடி

ஆண்டிபட்டி
14.6.1998

அன்புத் தம்பி மலைச்சாமிக்கு, அக்கா சந்தனம் எழுதுவது.

நானும் உன் மச்சானும் உன் மருமகள் கௌமாரியும் வேலப்பர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நாக்பூர் வெயிலில் முறுக்குக் கம்பெனி அடுப்புக்குப் பக்கத்திலேயே வேகிறாயே, உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சோறு தின்னு. முறுக்கைக் கடித்தே பசியாறிவிடாதே.

வருசநாட்டை விட்டு ஆண்டிபட்டிக்குக் குடி வந்துவிட்டோம். ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாக மனை போட்டு விற்ற இடம். பாதி வீடு, பாதி வெறும் எல்லைக்கல்லும் நெருஞ்சி முள்ளும். மதுரையில் மோட்டார் பம்புக் கடையில் உன் மச்சானுக்கு வேலை கிடைத்ததல்லவா, இங்கிருந்தால் தினமும் ரயிலில் போய் வரலாம் என்று இந்த ஏற்பாடு. இந்தத் தெருவில் எல்லா வீட்டு ஆம்பிளையும் அப்படித்தான். காலையில் போடி பாசஞ்சர் கூவியதும் ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு ஓடுவதைப் பார்க்க வேண்டுமே! ரயில் போய்விட்டால் தெருவில் நாய் கூடக் குரைக்காது. யாரைப் பார்த்துக் குரைக்க?

அவர் வந்து சேரும்போது பிள்ளை தூங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவரே தூங்கிவிடுவார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் எல்லாவற்றையும் கௌமாரியிடமே பேசிப் பேசி, நேற்று அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "என்னத்தச் சொல்ல" என்கிறாள். மூன்று வயசுக் கழுதை!

விஷயத்துக்கு வருகிறேன். காது குத்த வேண்டும். மாசி வந்தால் அவளுக்கு வயது நாலு. இரட்டைப்படை வயதில் குத்தக் கூடாது என்பது உனக்குத் தெரியும். இந்த வருசம் விட்டால் ஐந்து வரைக்கும் மூளிக் காதோடு திரிவாள். ஆவணி கடைசி முகூர்த்தத்தில் மாவூத்து வேலப்பர் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் உன் மச்சான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீ ஒருத்தன்தான். உன் மடியில் உட்கார்ந்து குத்தினால்தான் அது காதுகுத்து.

வந்தால் வைகை அணைக்குக் கூட்டிப் போகிறேன். பூங்காவில் கலர் விளக்கெல்லாம் போடுகிறார்களாம். நானும் இன்னும் பார்க்கவில்லை. நீ வந்த சாக்கில் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

உன் அக்கா
சந்தனம்மாள்

---

நாக்பூர்
1.7.1998

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கம்.

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். மச்சானுக்கு உடம்பு தேவலையா? மருமகளுக்குச் சளித் தொந்தரவு விட்டதா?

ஆவணிக்குக் கட்டாயம் வருகிறேன். மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துப் போகும், வேலையும் மந்தம். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "போய்ட்டு வாடா, மாமன் இல்லாம காது குத்துனா ஊரு சிரிக்கும்" என்று அவரே சொன்னார். அவரும் உசிலம்பட்டிக்காரர்தானே. இப்போது பெரிய கொப்பரை என் பொறுப்பு. என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னமனூர்ப் பையன் சுந்தர்ராஜ் மட்டும் "ஏலே மாஸ்டர்" என்பான்.

சிவப்புக்கல் தோடு எடுத்து வைத்துவிட்டேன். ஆசாரி ஊசியை எடுக்கும்போது கௌமாரி கையைக் கடித்தாலும் காலால் உதைத்தாலும் மடியை விட்டு இறக்க மாட்டேன், அவளிடம் சொல்லி வை. அணையில் விளக்குப் பார்ப்பதெல்லாம் சரி, எனக்கு உன் கையால் கருவாட்டுக் குழம்பு வேண்டும். இங்கே எல்லாவற்றிலும் சீனியைப் போடுகிறார்கள்.

உன் தம்பி
மலைச்சாமி

---

ஆண்டிபட்டி
16.9.1998

தம்பிக்கு, அக்கா எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்றே தெரியவில்லை.

ஆவணி போய்விட்டது. வருவாய் வருவாய் என்று காலை ரயில், மாலை ரயில் எல்லாவற்றுக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் நின்றேன். ஸ்டேஷன் மாஸ்டர், "யாரும்மா வாராக, இத்தன நாளா?" என்று கேட்டுவிட்டார். என் மாமியார் அக்கம்மாள் வருசநாட்டிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். ஆட்டுக்கிடாய் வேறு. அது நம் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்து, பக்கத்து வீட்டு ஜெபஷீலா அக்காவின் ரோஜாச் செடியை மொட்டையாக்கிவிட்டுத் திரும்பிப் போனது. பிள்ளைக்கு அடிக்க இருந்த மொட்டை அந்தச் செடிக்குப் போயிற்று.

போகிறபோது அத்தை ஒரு வார்த்தை சொன்னார். "மாமன் இல்லாத பிள்ளையாட்டம் வச்சிருக்கியே ஆத்தா" என்றார்.

ஒரு தந்தி, ஒரு கார்டு கூடவா போட முடியாது? பயமாக இருக்கிறது, தம்பி. உடனே எழுது.

சந்தனம்

---

நாக்பூர்
28.9.1998

அன்புள்ள அக்காவுக்கு, மலைச்சாமி எழுதிக்கொள்வது. நலம். அனைவரின் நலம் அறிய ஆவல்.

வேலை அதிகமாகிவிட்டதால் வர முடியவில்லை. தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் வந்துவிட்டது. தகவல் சொல்லாதது தவறுதான், மன்னிக்கவும். கை ஓயாத வேலை என்பதால் சுந்தர்ராஜைக் கொண்டு எழுதுகிறேன். விழாவைத் தள்ளி வைக்கவும். பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும். அடுப்புப் பக்கம் விட வேண்டாம்.

இப்படிக்கு
மலைச்சாமி

---

ஆண்டிபட்டி
11.10.1998

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உன் கார்டைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

ஆனாலும் அதென்னடா, பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி ஒரு கடிதம்? "ஆவல்", "கவனமாக"! சுந்தர்ராஜ் படித்த பையன் போலிருக்கிறது. கை வேலையாக இருந்தாலும் வாயும் வேலையாகவா இருந்தது? ஒரு கேலி இல்லை, ஒரு குசும்பு இல்லை. யாருக்கோ வந்த கார்டை எனக்குக் கொடுத்துவிட்டாரோ என்று தபால்காரரிடம் கேட்டேன்.

சரி போகட்டும். இங்கே ஒரு கூத்து நடந்தது, கேள். ஆயுத பூசைக்கு இந்த ரயில்காரர்கள் அவர்கள் ஏறுகிற பெட்டிக்கே பூசை போடுகிறார்கள்! வருசா வருசம் உண்டாம். மாவிலை, வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், பொரிகடலை, எல்லாம் பெட்டிக்குள். வீட்டுக்காரிகளையும் ஏறச் சொன்னார்கள். உசிலம்பட்டி வரைக்கும் போய்த் திரும்பினோம். கணவாயில் காற்று அடித்த அடியில் பொரியெல்லாம் பறந்தது. உன் மச்சான் அங்கே வேறு ஆளடா! சிரிக்கிறார், பாடுகிறார், துண்டை விரித்துச் சீட்டு ஆடுகிறார். ஜெபஷீலா அக்கா வீட்டுக்காரர் ஸ்டீவன் அண்ணன் வேதக்காரர்; அவர்தான் தேங்காய் உடைக்க அரிவாள் கொண்டு வந்தவர். "எங்க கம்பார்ட்மெண்டுல சாமிக்குச் சண்டை இல்ல தங்கச்சி" என்கிறார்.

இவர் பேச்சையெல்லாம் ரயிலிலேயே கொட்டிவிட்டு வெறும் ஆளாகத்தான் வீட்டுக்கு வருகிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஜெபஷீலா அக்கா என்னை அணைக்குக் கூட்டிப் போனார். பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தோம். கலர் விளக்கு ஞாயிறு மட்டும்தானாம். நாங்கள் போனது புதன்கிழமை.

கார்த்திகையில் முகூர்த்தம் இருக்கிறது. தீபாவளிச் சரக்கு முடிந்துவிடுமே, வந்துவிடு.

உன் அக்கா
சந்தனம்

---

நாக்பூர்
9.11.1998

அன்புள்ள அக்காவுக்கு, மலைச்சாமி எழுதிக்கொள்வது. நலம். மச்சானும் மருமகளும் நலமாக இருக்க வேலப்பரை வேண்டுகிறேன்.

என்னால் கார்த்திகையிலும் வர முடியாது. தையிலும் முடியாது. எனக்காகக் காத்திருந்து பிள்ளையின் வயதை இரட்டைப்படையாக்க வேண்டாம். வேறு யார் மடியிலாவது உட்கார வைத்துக் காதைக் குத்திவிடவும். தோட்டைத் தபாலில் அனுப்புகிறேன். இது பற்றி மேற்கொண்டு எழுத வேண்டாம்.

இப்படிக்கு
மலைச்சாமி

---

ஆண்டிபட்டி
20.11.1998

மலைச்சாமிக்கு.

நலம் விசாரிக்கப் போவதில்லை. உனக்கென்ன, நன்றாகத்தான் இருப்பாய்.

வேறு யார் மடியிலாவது! என்ன வார்த்தையடா இது? பஸ்ஸில் இடம் இல்லையென்றால் பிள்ளையை யார் மடியிலாவது வைக்கலாம். காதுகுத்தில் வைக்க முடியுமா? அம்மா செத்தபோது நீ என் இடுப்பில் இருந்தாய். எனக்கு இடுப்பே கோணிப்போய்விட்டது என்று கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அதை நான் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்லிக் காட்டுகிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்.

மாஸ்டர் ஆகிவிட்டாய், துட்டுப் பார்த்துவிட்டாய், அக்கா ஆண்டிபட்டியில் யாரோ ஒருத்தி. அல்லது அங்கேயே இந்திக்காரி எவளையாவது கட்டிக்கொண்டாயா? கட்டியிருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஆரத்தி எடுக்காமல் விட்டுவிடுவேனா?

ஸ்டீவன் அண்ணன், "ஏன் தங்கச்சி, நான் உக்காருதேன், எனக்குக் கூடப்பொறந்த பொம்பளையே இல்ல" என்றார். நல்ல மனுசர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தை வரைக்கும் பார்ப்பேன். தையிலும் நீ வராவிட்டால் எனக்குத் தம்பி இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். தோட்டைத் தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன், திருப்பி அனுப்புவேன்.

சந்தனம்மாள்

---

நாக்பூர்
4.12.1998

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, சுந்தர்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. மலைச்சாமிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான்தான். உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டுபவனும் நான்தான். வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

கடைசிக் கடிதத்தை முழுவதும் வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். அதன் பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை. இனிமேலும் பேசாமல் இருந்தால் பாவம் என்று எழுதுகிறேன். எழுதுவது அவனுக்குத் தெரியாது.

ஆவணியில் ஊருக்குக் கிளம்ப இருந்த சமயத்தில் கொப்பரை சாய்ந்து கொதிக்கிற எண்ணெய் அவன் மேல் கொட்டிவிட்டது. உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தான், சட்டென்று எழுந்து விலக முடியவில்லை. இரண்டு தொடையும் வெந்துவிட்டது. வலது கையும் கழுத்தும் ஒரு பக்கக் கன்னமும் கூட. தர்மாஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தான். உயிருக்கு இப்போது பயமில்லை, அக்கா. ஆனால் ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டது. முழங்கால் முழுசாக மடங்கவில்லை. சம்மணம் போட முடியாது. வலது கை விரல்கள் விரியாது. இடது கையால் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "என் மடியே வெந்து போச்சுடா, பிள்ளைய எங்கன வைக்க? மூஞ்சியப் பாத்தாலே பயந்து அழுதுரும்" என்பான். துட்டும் இல்லை, இந்திக்காரியும் இல்லை. நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

தம்பி
சுந்தர்ராஜ்

---

ஆண்டிபட்டி
14.12.1998

தம்பி சுந்தர்ராஜுக்கு, மலைச்சாமியின் அக்கா எழுதுவது. நீ நல்லா இருக்கணும் அப்பா.

உன் கடிதம் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அம்மி மேல் தலையை வைத்து அழுதேன். கௌமாரி வந்து என் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் எழுதிய வார்த்தைகளை நினைத்தால் இந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. உடனே கிளம்பி அங்கே வந்துவிடத்தான் நினைத்தேன். நான் போய் நின்றால் அவன் இன்னும் குறுகிப் போவான், தானாக வர வேண்டும் என்று உன் மச்சான் சொன்னார். அவருக்கும் அழுகை வந்தது. அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் விடிய விடியப் பேசினோம்.

எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிடாதே. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அவனால் நாற்காலியில் உட்கார முடியுமா? உடனே எழுது.

சந்தனம்மாள்

---

நாக்பூர்
23.12.1998

அக்காவுக்கு வணக்கம். உட்கார முடியும். இடது காலை நீட்டிக்கொள்ள வேண்டும். கம்பு ஊன்றி நடக்கிறான். ரயில் படி ஏற நான் பிடித்துக்கொள்வேன்.

சுந்தர்ராஜ்

---

ஆண்டிபட்டி
2.1.1999

அன்புத் தம்பி மலைச்சாமிக்கு, அக்கா சந்தனம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குளிருக்கு உடம்பை மூடிப் படு. போன கடிதத்தில் கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தலைவலி. அதையெல்லாம் மனதில் வைக்காதே.

இந்த ஊர் ரொம்ப மாறிவிட்டது தம்பி. மதுரைக்குத் தினமும் போய் வருகிறவர்கள் ஊர் அல்லவா, எல்லாமே நாகரிகம். போன வாரம் அணைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். மாமன்காரன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்! என்ன இது என்று கேட்டால், இங்கன இப்போது அதுதான் வழக்கமாம். பேன்ட் போட்டவர்களுக்குச் சம்மணம் போட வருவதில்லையாம். பிள்ளையை மடியில் வைப்பதே இல்லை. பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அதில் நிறுத்திவிடுகிறார்கள். மாமன் ஒரு கையால் தோளைப் பிடித்தால் போதும். இடது கையானாலும் பரவாயில்லையாம். ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்காருவதுதான் இப்போது ஸ்டைல் என்று வேறு சொன்னார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று உன் மச்சான் சொல்லிவிட்டார். தைப்பூசத்தன்று மாவூத்தில். ஸ்டீவன் அண்ணன் சபையிலிருந்து இரும்பு நாற்காலி கொண்டு வருகிறார், வருகிற அத்தனை பேருக்கும். ஒருத்தரும் தரையில் உட்காரப் போவதில்லை. அத்தை, "நாக்காலியில உக்காந்தா எனக்குக் கால் தொங்குமே" என்று இப்போதே புலம்புகிறார். தொங்கட்டும்.

மதுரை ஸ்டேஷனில் உன் மச்சானும் அவர் பெட்டிக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். உனக்கு ஜன்னலோர சீட்டு போட்டு வைக்கிறார்களாம், சீசன் டிக்கெட்காரர்கள் ஒருத்தருக்கு அப்படி விட்டுக் கொடுப்பது பெரிய விஷயம். சுந்தர்ராஜையும் கூட்டி வா. நான் பிறந்த வீட்டு ஆள் வரவேண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு யார் மடியும் எனக்கு வேண்டாம்.

உன் அக்கா
சந்தனம்

---

நாக்பூர்
12.1.1999

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி மலைச்சாமி வணக்கம். எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல சுந்தர்ராஜ்தான் எழுதுகிறான். இந்தத் தடவை நான் சொல்கிறபடியே எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை வாசிக்கும்போது முக்காலி வந்த இடத்தில் இவன் கடிதத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். ஓகோ, இந்தப் பயல்தான் எழுதிப் போட்டிருக்கிறான் என்று புரிந்துவிட்டது. அடிக்கலாம் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அக்கா, உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது. ஒரு பொய் போதும் என்கிற இடத்தில் நாலு சொல்லி மாட்டிக்கொள்வாய். நம் சீமையில் எந்த ஊரில் மாமன் காலை நீட்டிக்கொண்டு காது குத்தினான்? அதிலும் இடது கையால்!

ரொம்ப நாள் கழித்து நேற்றுச் சிரித்தேன். கன்னம் இழுத்துக்கொண்டு வலித்தது.

வர எனக்குப் பயம். ரயிலில் யாராவது பார்ப்பார்கள் என்று இல்லை. கௌமாரிக்குத்தான் பயம். என்னைப் பார்த்து வீரிட்டு அழுவாளே என்று நினைத்து நினைத்துத்தான் வேண்டாம், வேண்டாம் என்று எழுதச் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். காது குத்தும்போது எந்தப் பிள்ளைதான் அழாமல் இருக்கிறது? அவள் எதற்கு அழுகிறாள் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கப் போவதில்லை.

அதனால் வாறேன் அக்கா.

உன் தம்பி
மலைச்சாமி